கணினி விழிக்க மறுத்தால்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளுடன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அதனால், பழைய கணினி வைத்திருப்போர் பலர் விண்டோஸ் 11 அல்லது லினக்ஸ் போன்ற வேறோர் இயங்குதளத்தை நிறுவும் நிலை ஏற்பட்டது. பெரும்பாலும் இப்பணி தடையின்றி முடிந்துவிடும். சில வேளைகளில் மட்டும், நிறுவிய பின் கணினியை முடுக்கினால் கரிய திரையில் ஒரு வரிச் செய்தி தோன்றி, அத்துடன் எல்லாம் நின்றுவிடும்.

அந்நேரத்தில் பலர் பதற்றத்தில் வட்டை முழுமையாக அழித்து, இயங்குதளத்தை மீண்டும் நிறுவ முற்படுகின்றனர். அவ்வாறு செய்தால் பல மாத உழைப்பில் உருவான இடுபணிகளும் குடும்பப் படங்களும் ஒரு நொடியில் பறிபோகலாம். உண்மையில், விழிக்க மறுக்கும் கணினியில் கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். எனவே, கோளாறு எங்கே உள்ளது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

கணினி விழித்தெழுவது ஓர் அஞ்சல் ஓட்டத்தைப் போன்றது. மின்சாரம் கிடைத்ததும், தாய்ப்பலகையில் பதிந்துள்ள நிலைபொருள் என்னும் சிறு நிரல் முதலில் ஓடத் தொடங்குகிறது. அது நினைவகம், விசைப்பலகை முதலியவற்றைச் சோதிக்கிறது. பின்னர், வட்டில் உள்ள தொடக்க நிரலைத் தேடி, அதனிடம் கோலை ஒப்படைக்கிறது. தொடக்க நிரல் இயங்குதளத்தின் கருவை நினைவகத்தில் ஏற்றுகிறது. அதன்பின் எஞ்சிய பணிகளை இயங்குதளமே கவனித்துக்கொள்கிறது. கணினியை எழுப்பும் இச்செயலை ஆங்கிலத்தில் ‘பூட்’ என்பர். காலணியின் வாரைக் குறிக்கும் ‘பூட்ஸ்ட்ராப்’ என்ற சொல்லின் சுருக்கமே அது. தன் காலணி வாரைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்பவனைப் போல, கணினி ஒரு சிறு நிரலைக் கொண்டு பெரிய நிரலை ஏற்றிக்கொள்கிறது.

கோல் எந்த இடத்தில் தவறி விழுந்தது என்று பார்த்தால் காரணம் புலப்படும். விளக்கு எரியவில்லை, விசிறியும் சுழலவில்லை என்றால் மின்வழங்கியையோ மின்கம்பியையோ சோதிக்க வேண்டும். நிறுவனச் சின்னம் தோன்றிய பிறகு ‘தொடக்க வட்டு இல்லை’ என்னும் பொருள்படும் செய்தி வந்தால், நிலைபொருளால் தொடக்க நிரலைக் கண்டுபிடிக்க இயலவில்லை எனலாம். அதையும் கடந்து நீலத்திரை தோன்றினால், இயங்குதளம் எழத் தொடங்கிய பின்னரே இடறியிருக்கிறது என்று கொள்ளலாம்.

புதிதாக நிறுவிய கணினியில் மிக எளிய காரணங்களை முதலில் ஆராய வேண்டும். நிறுவுவதற்குப் பயன்படுத்திய விரலி இன்னும் செருகப்பட்டிருந்தால், கணினி மீண்டும் மீண்டும் நிறுவும் திரைக்கே திரும்பக்கூடும். அதைக் கழற்றிவிட்டால் போதும். அடுத்து, நிலைபொருள் அமைப்பில் சரியான வட்டு முதலிடத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

இவற்றை விடச் சற்று நுட்பமான காரணம் ஒன்று உண்டு. பழைய கணினிகள் பயாஸ் முறையில் தொடங்கும். அம்முறையில், வட்டின் தலைப்பகுதியில் உள்ள எம்பிஆர் என்னும் பதிவு முதலில் படிக்கப்படும். புதிய கணினிகள் யூஇஎஃப்ஐ முறையையும் அதற்குரிய ஜிபிடி வட்டமைப்பையும் பயன்படுத்துகின்றன. இயங்குதளம் ஒரு முறையில் நிறுவப்பட்டு, நிலைபொருள் வேறு முறைக்கு அமைக்கப்பட்டிருந்தால், வட்டில் எல்லாம் முழுமையாக இருந்தும் கணினி எழாது. விண்டோஸ் 11, யூஇஎஃப்ஐ முறையையும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புக் கூறையும் எதிர்பார்க்கிறது. அதை நிறைவுசெய்ய எண்ணி அமைப்பை மட்டும் மாற்றுவோர் இச்சிக்கலில் மாட்டிக்கொள்கின்றனர். அமைப்பைப் பழைய நிலைக்குத் திருப்பினால் கணினி பெரும்பாலும் மீண்டும் எழுந்துவிடும். எம்பிஆர் வட்டைக் கோப்புகள் அழியாமல் ஜிபிடி முறைக்கு மாற்றும் கருவி விண்டோஸிலேயே உள்ளது. அதை இயக்கிய பின்னரே அமைப்பை மாற்றுவது முறையாகும்.

நிலைபொருள் அமைப்பை மாற்றியதும் சில கணினிகள் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்பதுண்டு. இது பழுதன்று; பிட்லாக்கர் என்னும் பூட்டு தன் காவல் பணியைச் செய்கிறது. அவ்வெண் பல வேளைகளில் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்; வேறொரு கருவியின்வழி அதைப் பார்க்கலாம். எண் கிடைக்காவிட்டால், பூட்டப்பட்ட கோப்புகளைப் பழுதுபார்ப்பவராலும் மீட்க முடியாது.

இவ்வழிகள் பலன் தராவிட்டால், பழுதுநீக்கத்திற்கு முன் கோப்புகளைக் காப்பாற்ற வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களை வட்டில் நிறுவாமலேயே விரலியிலிருந்து இயக்கலாம். அதன்வழி வட்டைத் திறந்து, தேவையான கோப்புகளை வெளிவட்டு ஒன்றில் படியெடுத்துக்கொள்ளலாம். அதன்பின் நிறுவும் விரலியில் உள்ள தொடக்கப் பழுதுநீக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். வட்டை அழித்து மறுபடியும் நிறுவுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

பழுதைத் தேடும்போது ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்து, அதைத் தாளில் குறித்துக்கொள்வது நல்லது. ஒரே மூச்சில் நான்கு அமைப்புகளை மாற்றினால், கணினி எழுந்தாலும் எதனால் எழுந்தது என்பது தெரியாது. எழாவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பவும் வழியிராது. இயங்குதளத்தை மாற்ற எண்ணுவோர் கோப்புகளுக்குப் படி எடுத்து, மீட்பு எண்ணைக் குறித்து, கணினி அதற்கு ஏற்றதா என்பதையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இம்மூன்றுக்கும் செலவிடும் சிறிது நேரம், பல மாத உழைப்பைக் காக்கும்.