நாலாவது பாகத்தையும் படி

அன்புள்ள தாயி,

நீ அனுப்பிய குரல்பதிவை நிதானமாகக் கேட்டேன். சூசன் பெத் ஃபெஃபரின் நிலா வரிசையில் மூன்று பாகத்தை முடித்த கையோடு பேசியிருக்கிறாய். நிலாவைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது, எல்லாம் அழியப்போகிறதென்றால் பிளஸ் டூவுக்கு எதற்கு இந்தப் பாடு என்கிறாய். உங்கம்மா, "அந்தப் புத்தகத்தைத் தொடக் கூடாதுன்னு நீயாச்சும் சொல்லுண்ணே" என்றாள். சொல்ல மாட்டேன். நாலாவது பாகத்தையும் படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிலா. நிஜ நிலா வருஷத்துக்குச் சுமார் 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. கதையில் வருவதுபோல விண்கல் மோதி அது பூமிப் பக்கம் நகர்ந்துவிடும் என்று நீ ராத்திரி விழித்திருக்க வேண்டாம். கதையில் எரிமலைச் சாம்பல் வெயிலை மறைப்பது மட்டும் கற்பனை இல்லை. 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா வெடித்தது; மறு வருஷம் ஐரோப்பாவில் கோடை வரவில்லை, வெள்ளாமை பொய்த்தது, சனம் பட்டினி கிடந்தது. காரணத்தைக் கற்பனையாக வைத்துக்கொண்டு விளைவை மெய்யாக எழுதியிருக்கிறார் ஆசிரியை. நீ பார்க்க வேண்டியது அந்த விளைவைத்தான்.

2006இல் வந்த முதல் பாகத்தில், பென்சில்வேனியாவில் நாட்குறிப்பு எழுதும் மிராண்டாவின் அம்மா என்ன செய்கிறாள்? நிலா நகர்ந்து அழிவு தொடங்கியதும் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக் கடைக்குப் போய், அள்ள முடிந்ததையெல்லாம் அள்ளி வருகிறாள். அவளிடம் கார் இருந்தது, ரொக்கம் இருந்தது, வீட்டில் விறகு அடுப்பு இருந்தது. அந்த ஒரு நாள்தான் அவர்களை பனிக்காலக் கடைசி வரை இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் பாகத்தில் அதே நிலா, அதே சாம்பல். நியூயார்க்கில் அலெக்ஸ் என்கிற பையன். அப்பா வரவில்லை, அம்மா வரவில்லை, இரண்டு தங்கச்சிகள் அவன் தலையில். செத்தவர்களின் பையைத் துழாவிக் கிடைத்ததைக் கொடுத்துச் சோறு வாங்குகிறான். ஒரே அழிவை வேறொரு வீட்டு வாசலில் நின்று மறுபடி எழுத ஆசிரியைக்குத் தோன்றியதே, இந்த வரிசையில் நான் ரொம்ப மதிக்கிற காரியம் அதுதான்.

நீ அழுததாகச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். மிராண்டா, தம்பி பிழைக்கட்டும் என்று பனியில் நடந்து போகிறாள். சாகத்தான் போகிறாள். அப்போது மஞ்சள் காகிதம் ஒன்று கண்ணில் படுகிறது. நகர மன்றத்தில் உணவு கொடுக்கிறார்கள்! ஊரில் சாப்பாடு இருந்திருக்கிறது. சேதிதான் அந்த வீடுவரை வரவில்லை.

இதைப் படித்தபோது எனக்குப் பெட்டிமுடிதான் நினைவுக்கு வந்தது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி, மூணாறுக்கு அப்பால் மலை சரிந்து தேயிலைத் தோட்டத்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்ச் சனம். மழையில் கரண்டு இல்லை, போன் வேலை செய்யவில்லை, வழியில் பெரியவரைப் பாலமும் உடைந்துபோயிருந்தது. வெளியுலகத்துக்கு விடிந்த பிறகுதான் தெரிந்தது. அந்த ராத்திரி அங்கே உலகம் முடிந்துபோனது, தாயி. நாமெல்லாம் போர்த்திக்கொண்டு தூங்கினோம். உன் புத்தகத்தில் எல்லாருக்கும் ஒரே நாளில் வருகிற முடிவு, நம் மலையில் சில வரிசை வீடுகளுக்கு மட்டும் வந்தது.

குரங்கணிக் காட்டுத்தீ உனக்கு மங்கலாகத்தான் ஞாபகம் இருக்கும். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பிள்ளைகள் காய்ந்த புல்லில் பரவிய தீயில் சிக்கினார்கள். 23 உயிர். மறுநாள் ஹெலிகாப்டர் எல்லாம் வந்தது. அதற்கு முன்னால், இருட்டில் மேலே ஏறிக் காயம்பட்டவர்களைப் போர்வையில் கட்டித் தூக்கி வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களுக்குப் பாதை தெரியும், அலறல் காதில் விழுகிற தூரத்தில் இருந்தார்கள். உலகம் அழிகிற கதைகளில் அடுத்த வீட்டுக்காரன் பெரும்பாலும் திருடனாகத்தான் வருவான். நம் மலையில் நடந்தது வேறு. அதையும் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படி.

உனக்கே நேரடியாகத் தெரிந்தது ஒன்று இருக்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கில், போடிமெட்டு எல்லை அடைபட்டிருந்தது. விடியுமுன்னே ஜீப் ஏறிப் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களுக்கு வேலை இல்லை. கூலி நின்றால் அடுப்பு நிற்கும். ரேஷன் கடையில் அரிசியும் 1000 ரூபாயும் கொடுத்தார்கள்; உங்கம்மாவோடு நீயும் வட்டத்துக்குள் நின்று வாங்கினாய். அலெக்ஸ் உணவுக்கு நின்ற வரிசையும் அதுதான், மிராண்டாவின் மஞ்சள் காகிதமும் அதுதான். உலகம் முடிந்தால் யார் வருவார்கள் என்று கேட்டாயே, அந்தக் கடையில் மூட்டை பிரித்து நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் வந்தார். அவர் வேலைக்கு வர ஒரு அலுவலகம் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும், லாரி வேண்டும். நீ பிளஸ் டூ படிப்பது இதில் ஏதோ ஒன்றாக ஆவதற்குத்தான். உலகம் நடுங்கினால் அந்த வேலை கூடும், குறையாது.

இன்னொன்றும் கவனித்துக்கொள். அழிவில் லாபம் பார்ப்பவர்களும் உண்டு. 2018 கேரள வெள்ளத்தில் ஏலக்காய்த் தோட்டங்கள் பாழாயின, அடுத்த வருஷம் மழை தவறியது. காய் வரத்து சுருங்கி, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7000 ரூபாய்வரை போனது. இருப்பு வைத்திருந்தவருக்கு அது நல்ல காலம். செடி அழுகிப்போனவரிடம் விற்கக் காய் ஏது? காய் இல்லாத தோட்டத்தில் கூலிக்கு வேலை ஏது?

இதனால்தான் நாலாவது பாகத்தைப் படி என்கிறேன். 2013இல் வந்தது. மிராண்டாவின் தம்பி ஜான் வளர்ந்து, வசதியானவர்கள் வாழும் பாதுகாப்பான ஊரில் இருக்கிறான். அவன் அம்மா வேலைக்காரச் சனத்தின் ஊரில். அந்தச் சனம் இவர்கள் வீட்டு வேலைக்கு வந்து போகிறது. மற்ற பாகங்களை விடக் கசப்பானது, பலருக்குப் பிடிக்காது. போடிமெட்டு வளைவுகளில் ஜீப் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை நீ. அந்தப் பாகம் உனக்குப் புரிகிற மாதிரி பென்சில்வேனியாப் பிள்ளைக்குப் புரியாது.

ராத்திரியில் படுக்கையில் வைத்துப் படிக்காதே, பகலில் படி. மிராண்டா மாதிரி நோட்டு ஒன்று போடு. தேதி எழுது, அரிசி விலை எழுது, மழை பெய்ததா என்று எழுது. உங்கள் தெருவில் ஜீப்புக்குப் போகிற அக்காமார், அத்தைமாரிடம் 2018 வெள்ளத்தில் எப்படி இறங்கி வந்தீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதி வை. கேட்டால் ரொம்ப நேரம் சொல்வார்கள்.

ஜானை உனக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. அதில் அவன் செய்கிற ஒரு காரியத்துக்கு ஆசிரியை அவனை எளிதாக விட்டுவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். படித்துவிட்டு உன் அபிப்பிராயத்தை எழுது. பரீட்சை முடிந்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
மாமா