புது வீடும் மறைந்த குறைகளும்
(மூன்றாம் ஆண்டு, பொருளியல்)

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இதில் வரும் 'பார்' என்னும் சொல்லை முயன்று பார் என்ற பொருளிலேயே நாம் வழங்கி வருகிறோம். கண்ணால் பார் என்ற பொருளையும் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதை எங்கள் வீடே எனக்குக் கற்பித்தது. நான் பொறியியல் மாணவன் அல்லன். ஆயினும் பட்டறிந்தவற்றையும் அதன்பின் படித்தறிந்தவற்றையும் சக மாணவர்களுக்குச் சொல்வது பயன் தரும் என்று கருதி இதனை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டின் கதை

என் தந்தையார் தம் பணி ஓய்வுப் பணத்தில் ஊர் எல்லையில் ஒரு வீடு கட்டினார். எங்களுடையது கரிசல் பூமி. வேலை நடந்தது கோடை விடுமுறையில். "நீ சும்மாதானே இருக்கிறாய், நின்று பார்த்துக்கொள்" என்று என்னை அங்கே நிறுத்தினார். நானும் வேப்ப மர நிழலில் அமர்ந்து சிமெண்ட் மூட்டைகளை எண்ணிக் குறித்தேன். ஒரு மூட்டைகூடக் களவு போகவில்லை. ஆனால் வானம் தோண்டிய குழி எவ்வளவு ஆழம் என்று ஒருநாளும் நான் அளந்து பார்க்கவில்லை.

புதுமனை புகுவிழா நடந்தது. ஐப்பசி மழை பெய்தது. தை பிறக்குமுன் சன்னல் மூலையிலிருந்து சுவரில் குறுக்காக ஒரு வெடிப்பு ஓடியது. கூடத்துத் தரை நடுவில் மேடு தட்டியது. கட்டித் தந்தவர் வந்து, "பூச்சு வெடிப்புதான், வெள்ளையடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்லிப் போனார். வெள்ளையும் அடித்தோம். மறுமாதம் வெடிப்பு மீண்டும் வந்தது.

பின்னர் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவரைத் தந்தையார் அழைத்து வந்தார். அவர் வெடிப்பின் மேல் ஒரு சிறு கண்ணாடித் துண்டைக் குறுக்கே வைத்து, இரு முனைகளையும் சிமெண்ட் கொண்டு ஒட்டினார். மூன்றாவது வாரம் கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. வெடிப்பு பூச்சில் இல்லை, சுவரே அசைகிறது என்பதற்கு அது சான்று. "அண்ணாச்சி, சுவரைப் பார்த்தது போதும், மண்ணைப் பார்ப்போம்" என்றார்.

சுவர் ஓரமாகத் தோண்டினோம். ஐந்தடி என்று பேசப்பட்ட அடிமானம் மூன்றடியில் முடிந்திருந்தது. தரைக்குக் கீழே கிராவலும் மணலும் கொட்டுவதற்குப் பதிலாக, தோண்டிய கரிசல் மண்ணையே திரும்பக் கொட்டியிருந்தனர். அடுத்து முன்வாசல் தூணின் பூச்சைத் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் ஓசை மாறியது. கொத்திப் பார்த்தபோது தேன்கூடு போல ஜல்லி தெரிந்தது. கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகள் பதினோரு அங்குலத்துக்கு ஒன்றாக இருந்தன. ஒரு பக்கத்தில் கம்பிக்கு மேல் கான்கிரீட்டே இல்லை. வெறும் பூச்சுதான் இருந்தது.

காரணம் என்ன?

கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிமண் கனிமம் மிகுதி. அது நீரை உறிஞ்சி உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மேல்மண்ணில் இந்த மாற்றம் மிகுதி. ஆழம் செல்லச் செல்ல ஈரம் மாறாமல் இருப்பதால் அசைவு குறையும். எனவே இம்மண்ணில் அடிமானத்தின் ஆழத்தைக் குறைப்பது வீட்டை ஓடத்தில் ஏற்றுவதற்கு ஒப்பாகும். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்காகவே அண்டர் ரீம் பைல் என்னும் முறையை வளர்த்தெடுத்தது. மண்ணில் ஆழத் துளையிட்டு, அடியில் குமிழ் போல அகலப்படுத்திக் கான்கிரீட் நிரப்புவது அம்முறை. குமிழின் விட்டம் பெரும்பாலும் தண்டின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்காக இருக்கும்.

இனித் தூணுக்கு வருவோம். இந்தியத் தர நிர்ணய விதி (ஐ.எஸ். 456) மூன்று அளவுகளைக் கூறுகிறது. தூணின் சிறிய பக்கம், நெடுங்கம்பியின் விட்டத்தைப் போல் 16 மடங்கு, 300 மில்லிமீட்டர் ஆகிய மூன்றில் எது குறைவோ, ரிங்குகளின் இடைவெளி அதனைத் தாண்டக்கூடாது. எங்கள் தூண் ஒன்பது அங்குலம். கம்பி 12 மில்லிமீட்டர். ஆகவே இடைவெளி 192 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம். இதனைக் கணக்கிட ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும். அன்று என் கையில் ஓர் அடிக்கோல் இருந்திருந்தால் நானே கண்டிருப்பேன்.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் புது வீடு வாங்குவோர் வீட்டு ஆய்வாளர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திப் பார்க்கச் சொல்வது வழக்கம். கட்டும்போதே அரசு ஆய்வாளரும் கட்டம் கட்டமாகப் பார்வையிட வேண்டும். ஆயினும் 1992 ஆகஸ்டு 24 அன்று 'ஆண்ட்ரூ' புயல் தென் புளோரிடாவைத் தாக்கியபோது 25,000க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. சிதைவுகளை ஆராய்ந்தபோது, பல வீடுகளில் கூரைப் பலகையில் அறைந்த ஆணிகள் கீழுள்ள மரச் சட்டத்தைத் தொடாமலேயே இறங்கியிருந்தது தெரிந்தது. மேலே ஓடு வேய்ந்த பிறகு அதை யார் காண்பார்? சட்டப் புத்தகத்தில் விதிகள் கடுமையாகவே இருந்தன. பார்வையிடுவதில்தான் தளர்ச்சி இருந்தது. இதனை அம்பலப்படுத்திய 'மயாமி ஹெரால்டு' நாளிதழுக்கு 1993இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. மாநிலம் முழுமைக்குமான புதிய கட்டட விதித் தொகுப்பு 2002இல் நடைமுறைக்கு வந்தது.

இன்னும் பின்னே சென்றால், ஏறத்தாழ கி.மு. 1750ஆம் ஆண்டினதான பாபிலோனிய மன்னன் ஹமுராபியின் சட்டம், வீடு இடிந்து உரிமையாளன் இறந்தால் கட்டியவனுக்கு மரண தண்டனை என்கிறது. சுவர் உறுதியற்றிருந்தால் கட்டியவனே தன் செலவில் அதனைச் சரிசெய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், கட்டி விற்பவர் ஐந்தாண்டுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைக் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. ஆனால் எங்களைப் போலச் சொந்த மனையில் ஆள் வைத்துக் கட்டுவோருக்கு அது துணைவராது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீடு கட்டித் தரும் பணியையும் சேவையாகக் கொள்கிறது. ஆயினும் ஐந்தடி என்று பேசியதற்கு எங்களிடம் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. வாய்ப்பேச்சை நம்பினோம்.

எப்போது பார்ப்பது?

அடிமானத்தை மண் மூடுகிறது. கம்பியைக் கான்கிரீட் மூடுகிறது. கான்கிரீட்டைப் பூச்சு மூடுகிறது. எனவே மூடுவதற்கு முன் பார்ப்பதே உண்மையான ஆய்வு. ஓவர்சியர் எனக்குச் சொல்லித் தந்தவை இவை:

1. வானம் தோண்டியதும், கான்கிரீட் இடுமுன், குழியின் ஆழத்தை நான்கு மூலையிலும் அளக்க வேண்டும்.

2. கம்பி கட்டியதும் ரிங்குகளின் இடைவெளியை அளக்க வேண்டும். கவர் கற்கள் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். சாதாரணச் சூழலில் தூணுக்கு 40, அடிமானத்துக்கு 50 மில்லிமீட்டர் கனமேனும் கம்பிக்கு மேல் கான்கிரீட் இருத்தல் வேண்டும்.

3. எம்20 ரகக் கான்கிரீட்டில் 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்குத் தண்ணீர் 27½ லிட்டரைத் தாண்டலாகாது. வேலை எளிதாகட்டும் என்று ஊற்றும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் வலிமையைக் குறைக்கும்.

4. பலகை பிரித்ததும், பூசுமுன், தூணும் உத்தரமும் சேருமிடத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

5. சிமெண்டின் வகைக்கேற்ப ஏழு முதல் பத்து நாளேனும் நீர் வார்த்து ஈரம் காக்க வேண்டும்.

முடிவுரை

எங்கள் வீட்டின் அடிமானத்தைத் துண்டு துண்டாகத் தோண்டி, கீழே கான்கிரீட் இட்டுத் தாங்க வைத்தோம். தூணைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டிக் கனப்படுத்தினோம். மழைநீர் சுவரடியில் இறங்காதபடி வீட்டைச் சுற்றித் தளம் போட்டோம். இவற்றுக்கான செலவு அக்காவின் திருமணத்திற்கென வைத்திருந்த பணத்திலிருந்து போயிற்று. திருமணம் ஓராண்டு தள்ளிப்போனது. அக்கா இதுவரை என்னை ஒரு சொல்லும் சொன்னதில்லை.

குற்றம் முழுவதும் கட்டியவருடையது என்று கூறி நான் தப்பிவிட இயலாது. பார்க்கச் சொல்லி நிறுத்தப்பட்டவன் நான். நம்மிற் பலர் நாளை வீடு கட்டுவோம். சிலர் கையொப்பமிடும் அலுவலர்களாகவும் ஆவோம். அப்போது நேரில் சென்று, குழியில் இறங்கி, அளந்து பார்த்த பின்னரே கையெழுத்திடுவோம் என்று உறுதி கொள்வோமாக. ஓர் அளவு நாடாவின் விலை மிகக் குறைவு.