பாயும் இன்ஜினும்: ஒரு படகு, இரண்டு வேலை

கேள்வி: 9 மீட்டர் நீளத்தில், எடை குறைந்த கேட்டமரான் (இரட்டை உடல் படகு) ஒன்றைக் கட்ட ஆசை. காற்று வீசும்போது பாய், காற்று விழுந்தால் இன்ஜின். ஆனால் பாய்க்கு ஏற்ற உடல் இன்ஜினுக்கு ஆகாது என்கிறார்கள். இரண்டிலும் நன்றாக ஓடும் படகு சாத்தியமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: சாத்தியம்தான். முதலில் இன்ஜினில் எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். 8 அல்லது 9 நாட், அதாவது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் போதுமென்றால், பாய்க்கும் இன்ஜினுக்கும் பெரிய தகராறு இல்லை. 15 நாட் கேட்டால்தான் சிக்கல். அதற்குப் பெரிய இன்ஜின் வேண்டும், அது குடிக்கும் எரிபொருளையும் சுமக்க வேண்டும். அந்தப் பாரத்தோடு இளங்காற்றில் பாய் விரித்தால் படகு நகரவே யோசிக்கும்.

ஓடும் படகு தன் அலையைத் தானே எழுப்புகிறது. நீர்மட்டத்தில் 9 மீட்டர் நீளமுள்ள சாதாரண ஒற்றை உடல் படகை அந்த அலை 7 நாட் அளவில் மடக்கிவிடும். அதற்கு மேல் இன்ஜினைக் கூட்டினால் புகைதான் கூடும். உடல் ஒடுங்க ஒடுங்க அலையும் சிறுக்கும். நீளம் அகலத்தைப்போல் 10 முதல் 12 மடங்கு இருந்தால் அந்த எல்லையைச் சிரமமின்றித் தாண்டலாம். தள்ளுவது காற்றா, இன்ஜினா என்ற பேதம் தண்ணீருக்குக் கிடையாது. ஒடுங்கிய உடலின் வேகத்தை அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் நத்தானியேல் ஹெரெஷாஃப் 1876இலேயே காட்டினார். நியூயார்க் பந்தயத்தில் அவருடைய ‘அமரில்லிஸ்’ கேட்டமரான் மற்ற படகுகளை முந்தியது. ஆட்சேபம் எழுந்து, அதைத் தகுதிநீக்கம் செய்துவிட்டார்கள்.

உண்மையான இழுபறி அமரத்தில், படகின் பின்பகுதியில் இருக்கிறது. இளங்காற்றில் பாயில் போக, பின்பகுதி நீரை விட்டு மெல்ல மேலேறி முடிய வேண்டும். அகன்ற பின்பலகை நீரில் அமிழ்ந்து கிடந்தால் சுழல் உண்டாகிப் பின்னால் இழுக்கும். இன்ஜினில் போகும்போதோ, ரொம்பவும் கூர்ந்த அமரம் நீருக்குள் உட்கார்ந்துவிடும். இதற்கு நடுவழி உண்டு: பின்பாதியின் அடிப்பாகம் சற்றே தட்டையாக இருக்கட்டும், படகு நிற்கும்போது பின்பலகையின் கீழ்விளிம்பு நீர்மட்டத்தை ஒட்டி நிற்கட்டும். பாய்க் கேட்டமரான், விசைக் கேட்டமரான் இரண்டையும் வரைந்த நியூசிலாந்து வடிவமைப்பாளர் மால்கம் டெனன்ட்டின் படகுகளைக் கவனியுங்கள். நீரின் மேல் வழுக்கி ஓடும் உடலைவிட, நீரைக் கிழித்துப் போகும் ஒடுங்கிய உடலையே விசைப்படகுகளிலும் அவர் பெரிதும் நம்பினார்.

கேள்வி: எடையை அவ்வளவு கறாராகக் கணக்குப் பார்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். ஒவ்வோர் உடலும் நீர்மட்டத்தில் 80 சென்டிமீட்டர் அகலம் என்று வையுங்கள். 100 கிலோ ஏற்றினால் படகு சுமார் 1 சென்டிமீட்டர் தாழும். கூடுதல் பேட்டரி, தண்ணீர்த் தொட்டி, ஃப்ரிட்ஜ், பலகைக் கட்டில் என்று 500 கிலோ சேர்ந்தால் 5 சென்டிமீட்டர் போச்சு. நீரில் உரசும் பரப்பு கூடும், பார்த்துப் பார்த்து வைத்த பின்பலகை அமிழும். இரண்டு உடல்களையும் இணைக்கும் தளத்தின் அடியில் அலை அறையத் தொடங்கும். இந்த அளவுப் படகில் அந்தத் தளத்துக்கும் நீருக்கும் இடையே 60 சென்டிமீட்டராவது இருப்பது நல்லது. மரைன் பிளைவுட்டும் எபாக்சியும், அல்லது ஃபோம் சாண்ட்விச்சும் எடையைக் குறைக்கும். ஆனால் கட்டும்போது மிச்சம் பிடித்ததைச் சாமான்களில் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: எந்த இன்ஜின் நல்லது?

பதில்: மொத்த எடையை 2 டன்னுக்குள் நிறுத்தினால், 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இரண்டு தாராளம். வேகமாகச் சுழலும் சின்ன விசிறி வேண்டாம். பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றும் ‘ஹை த்ரஸ்ட்’ வகையைக் கேளுங்கள். பாய் விரித்ததும் இன்ஜினை நீரிலிருந்து முழுக்கத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் விசிறியே பிரேக் போடும். அமரத்தின் கடைக்கோடியில் மாட்டாதீர்கள். அலையில் அமரம் எழும்போது விசிறி காற்றைத்தான் கடையும். கொஞ்சம் முன்தள்ளி வையுங்கள். பாயில் போகும்போது படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நீருக்குள் இறக்கும் பலகையான டேகர்போர்டையும், இன்ஜின் ஓடும்போது மேலே இழுத்துவிடலாம்.

கேள்வி: எடை குறைந்தால் காற்றில் கவிழ்ந்துவிடாதா?

பதில்: அந்தப் பயம் நியாயமானது. கவிழாமல் பிடித்து நிறுத்துவது எடையும் அகலமும்தான். 2 டன் படகில் இரு உடல்களின் மையங்களுக்கு இடையே 4 மீட்டர் என்றால், எதிர்த்து நிற்கும் உச்ச வலு 2 டன் × அந்த இடைவெளியில் பாதியான 2 மீட்டர் = 4 டன்-மீட்டர். எடை பாதியானால் வலுவும் பாதி. காற்றின் வேகம் இரட்டித்தால் பாயின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும். கேட்டமரான் ஒற்றை உடல் படகைப்போல் சாய்ந்து எச்சரிக்காது. அதனால் உடல்களை அகலத் தள்ளி வையுங்கள், பாய்மரத்தை அளவோடு உயர்த்துங்கள். காற்றுமானி எந்த எண்ணைக் காட்டும்போது பாயைச் சுருக்க வேண்டும் என்று வடிவமைப்பாளரிடமே கேட்டு, சுக்கான் அருகில் எழுதி ஒட்டுங்கள். இரவில் அந்த எண்ணையும் குறைத்துக்கொள்ளுங்கள்.