பிரைட்டன் போகும் துடியலூர்க்காரர்களுக்கு

துடியலூர், வெள்ளக்கிணறு, கவுண்டம்பாளையம் பக்கம் தெருவுக்குத் தெரு பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கோடை வந்தால் பெற்றோர் ஆறு மாத விசாவில் இங்கிலாந்து கிளம்புகிறார்கள். வெயில் நன்றாக அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோ மருமகனோ லண்டன் விக்டோரியாவில் ரயில் ஏற்றினால், ஒரு மணி நேரத்தில் பிரைட்டன். அங்குள்ள அரண்மனையைப் பார்த்துவிட்டு எல்லோரும் கடலோரமாகக் கிழக்கே நடப்பார்கள். 1883 முதல் ஓடும் வோக்ஸ் மின்சார ரயிலும் அதே திசையில்தான் போகிறது. உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மின்ரயில்களில் அதுதான் மிகப் பழையது. படகுத்துறை வருவதற்குச் சற்று முன்னால், ஒரு கூழாங்கல் மேட்டுக்கு அந்தப் பக்கம், உடை இல்லாமல் வெயில் காயும் மனிதர்களைப் பார்க்கலாம்.

பதறித் திரும்பி நடப்பவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. செல்போனை வெளியே எடுப்பவர்களுக்காகத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அந்தக் கடற்கரை யாரோ சிலர் சட்டத்தை மீறிப் பிடித்துக்கொண்ட இடமல்ல. ஐலீன் ஜேக்ஸ் என்ற பெண் கவுன்சிலர் அதற்காக நகர மன்றத்தில் வாதாடினார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஊர் மானம் போய்விடும் என்றார்கள், பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்றார்கள். மன்றம் ஒப்புக்கொண்டு 1980-ல் கடற்கரை திறந்தது. ஊர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

இது வெள்ளைக்காரர் தேசத்துச் சங்கதி, நமக்கென்ன என்று ஒதுக்கவும் முடியாது. தெரிந்தவரையில் உலகின் முதல் ஆடையற்றோர் சங்கம் நம் நாட்டில்தான் தொடங்கியது. 1891-ல் பம்பாய் மாகாணத்துத் தாணேயில் நீதிபதியாக இருந்த சார்லஸ் எட்வர்ட் கார்டன் கிராஃபோர்ட் அதைத் தொடங்கினார். அவரையும் சேர்த்து உறுப்பினர்கள் மூன்றே பேர். ஓரிரு ஆண்டில் சங்கம் மறைந்துபோனது.

செய்ய வேண்டியவை

பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேளுங்கள். எந்தக் கடற்கரை, எந்த எல்லை வரை என்று தெரிந்துகொண்டு போனால் பாதிச் சங்கடம் தீர்ந்துவிடும். பிரைட்டனில் அறிவிப்புப் பலகை உண்டு. டார்செட்டில் உள்ள ஸ்டட்லண்ட் கடற்கரை நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. அங்கும் ஒரு நீளத்தை இதற்கென்று குறித்து வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையைச் சுற்றி வரும் 630 மைல் நடைபாதை முடிகிற இடமும் ஸ்டட்லண்ட்தான் என்பதால், முதுகுப்பையோடு நடப்பவர்கள் அந்தக் கூட்டத்தின் நடுவே சாதாரணமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். நீங்களும் அப்படிப் போகலாம்.

சம்பந்தி வீட்டாரோடு போகிறீர்கள் என்றால், இதைக் காரிலேயே பேசிவிடுங்கள். அவர்களுக்கு விருப்பமில்லை என்றால் மேற்குப் பக்கம் நடந்தால் போயிற்று. பிரைட்டன் கடற்கரை நீளமானது.

உங்களுக்கு வசதியான உடையில் இருங்கள். சேலையோ சுடிதாரோ வேட்டியோ, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பிரைட்டனில் உடையைக் களைவது அவரவர் விருப்பம், கட்டாயமில்லை. உடையோடு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் உடையோடு உட்கார்ந்து மற்றவர்களை வேடிக்கை பார்ப்பது வேறு. வந்த வேலை கடல், வெயில், புத்தகம் என்று இருந்தால் யாருக்கும் உறுத்தாது.

உடையைக் களைவது என்று முடிவு செய்தால், துண்டு கொண்டுபோங்கள். நாற்காலியோ பெஞ்சோ எதுவானாலும் துண்டை விரித்துத்தான் உட்கார வேண்டும். அந்தக் கூட்டத்தின் முதல் பழக்கம் அது. எல்லையைத் தாண்டி வெளியே வரும்போது உடுத்திக்கொண்டு வாருங்கள். ஐஸ்கிரீம் கடைக்கு அப்படியே நடந்து போகிற இடமல்ல அது.

காலுக்கு ரப்பர் செருப்போ கடல் ஷூவோ போடுங்கள். பிரைட்டனில் மணல் கிடையாது, கால் வைக்கிற இடமெல்லாம் கூழாங்கல்தான். ஸ்டட்லண்டில் மணல் இருக்கிறது, மணலுக்குள் வீவர் என்கிற முள்மீனும் இருக்கலாம். மிதித்துவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் பாதத்தை அரை மணி நேரம் வைக்க வேண்டும். விஷம் சூட்டில் செயலிழக்கும், வலி தணியும்.

தண்ணீரைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்தில் பவானியில் நீந்திப் பழகியவர்கள் நமக்குத் தெரியாத தண்ணீரா என்று இறங்குவார்கள். அந்தக் கடல் ஆகஸ்டில்கூட பதினேழு, பதினெட்டு டிகிரிக்கு மேல் ஏறுவது அரிது. மே மாதம் வெயில் பளீரென்று அடிக்கும்போது தண்ணீர் பன்னிரண்டு டிகிரி அளவில்தான் இருக்கும். பதினைந்துக்குக் கீழே இருக்கிற நீரில் திடீரென விழுந்தால் உடம்பு தன்னையறியாமல் மூச்சை இழுக்கும், இதயம் படபடக்கும், அந்த இழுப்பில் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். நீச்சல் தெரிந்தவர்களும் இப்படித்தான் மூழ்குகிறார்கள். அப்படி ஆனால் கை கால் அடிக்காதீர்கள். தலையைப் பின்னால் சாய்த்து, காது நனையும்படி மல்லாந்து மிதந்திருங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் மூச்சு நிதானப்படும், அப்புறம் நீந்தலாம், கத்தலாம். அந்த நாட்டு உயிர்காப்புப் படகு அமைப்பு இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் உயிர்காப்பாளர் கண்காணிப்பு இருக்கும். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. ஆபத்து என்றால் 999 அழைத்து கோஸ்ட்கார்டு வேண்டும் என்று கேளுங்கள். பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் பவானி ஏறுவது போல, அங்கே கடலும் தினம் இரண்டு முறை ஏறி இறங்கும். துணிமணியும் பாஸ்போர்ட்டும் இருக்கிற பையை மேட்டில் வையுங்கள்.

வெயில் மட்டமாகத் தெரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். ஜூனில் அங்கே இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் சுடுவது தெரியாது. கறுத்த தோலும் காந்தும். அதிலும் வாழ்நாள் முழுக்க வெயில் படாத இடங்கள் முதல் நாளிலேயே புண்ணாகிவிடும். எஸ்.பி.எஃப். முப்பதுக்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூசிக்கொள்ளுங்கள், குளித்து வந்தால் மறுபடியும்.

யாராவது காலை வணக்கம் சொன்னால், முகத்தைப் பார்த்துப் பதில் வணக்கம் சொல்லுங்கள். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு உடையில்லாதவரை மரியாதையோடு பார்ப்பது புதிதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு காலத்தில் சமணம் செழித்த மண் இது, விஜயமங்கலத்துக் கோயில் அதற்குச் சாட்சி. உடை துறந்த திகம்பரத் துறவி ஊருக்குள் வந்தால் குடும்பத்தோடு போய்க் கைகூப்புகிறவர்கள் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் துறவிகள் எல்லாவற்றையும் விட்டவர்கள், இந்தக் கடற்கரைக்காரர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இரு தரப்புக்கும் அநியாயம். ஆனாலும் எதிரே நிற்பவரின் கண் கண்ணியமாக இருக்க வேண்டும் என்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

செய்யக்கூடாதவை

போனை எடுக்காதீர்கள். பைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். கடலைத்தான் எடுத்தேன், பின்னால் அவர்கள் விழுந்துவிட்டார்கள் என்கிற சமாதானம் அங்கே எடுபடாது. வீடியோ காலில் ஊரில் இருக்கிற தம்பிக்குக் கடலைக் காட்டுவதும் கூடாது. அந்த நாட்டுச் சட்டப்படி பொது இடத்தில் படம் எடுப்பது பொதுவாகக் குற்றமில்லை என்று யாராவது விவரம் சொல்லலாம். பொதுவாக என்பதுதான் அதில் கவனிக்க வேண்டிய சொல். தொந்தரவு செய்கிறார் என்று ஒருவர் புகார் கொடுத்தால் போலீஸ் வரும். படத்தில் குழந்தை இருந்தால் விவகாரம் வேறு, 1978-ஆம் ஆண்டுக் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டம் மிகக் கடுமையானது. அடுத்த விசா விண்ணப்பத்தில் போலீஸ் எச்சரிக்கை உண்டா என்று கேட்கும் கட்டம் ஒன்று இருக்கிறது.

சட்டம் இருக்கட்டும். கோவைக் குற்றாலத்திலும் ஆழியாறு பக்கத்து குரங்கு அருவியிலும் நம் பெண்கள் நனைந்த சேலையோடு குளித்துவிட்டு, கூசிக் கூசி ஒருவருக்கொருவர் துண்டைப் பிடித்து மறைத்துக்கொண்டு உடை மாற்றுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எதிர்ப்பாறையில் எவனாவது போனைத் தூக்கினால் நமக்கு எப்படி எரியும்? அந்த எரிச்சல் நியாயமானது. அதே நியாயம் பிரைட்டனில் படுத்திருக்கிற வெள்ளைக்காரப் பாட்டிக்கும் உண்டு. அவர் உடையில்லாமல் இருப்பது எவருக்கும் விடுத்த அழைப்பல்ல, எவருக்கும் கொடுத்த அனுமதியும் அல்ல. நம் வீட்டுப் பெண் மூடியிருக்கிறாள் என்பதால்தான் மரியாதை என்றால், அது துணிக்குக் கொடுக்கிற மரியாதை, அவளுக்கு அல்ல.

அப்படி எடுத்த படத்தை இங்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், மற்றவர் அனுப்பியதையும் தள்ளிவிடாதீர்கள். இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு ஆபாசமானவற்றை மின்னணு வழியில் பரப்புவதைத் தண்டிக்கிறது. 66E பிரிவு ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம் பிடிப்பதைப் பற்றியது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவு, தனிமையில் இருக்கும் பெண்ணை ஒளிந்து பார்த்தாலோ படமெடுத்தாலோ முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்கிறது. இது துடியலூர் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற எந்தக் கல்லூரிப் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டிய சட்டம். பிரைட்டன் போகாவிட்டாலும்.

வெறித்துப் பார்க்காதீர்கள். கறுப்புக் கண்ணாடி போட்டால் தெரியாது என்று நினைக்க வேண்டாம், தெரியும். கடற்கரை காலியாகக் கிடக்கும்போது ஒருவர் பக்கத்தில் போய்த் துண்டு விரிப்பதும் அதே வகைதான்.

தமிழில்தானே பேசுகிறோம் என்று சத்தமாக விமர்சிக்காதீர்கள். லண்டனில் மூன்று தலைமுறையாக ஈழத் தமிழர்கள் இருக்கிறார்கள், உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியலாம். புரியாதவருக்கும் சிரிப்பு புரியும். யாருடைய வயிறும் தழும்பும் முலை நீக்கிய மார்பும் பேச்சுக்குப் பொருளல்ல. அறுவைச் சிகிச்சை முடிந்து, தன் உடம்பை மறுபடி வெயிலில் காட்டத் துணிந்து வருகிறவர்களும் அங்கே உண்டு.

பேரன் பேத்தி ஏதாவது கேட்டால் அதட்டாதீர்கள். “அவங்க அப்படிக் குளிக்கறாங்க கண்ணு, நாம இப்படிக் குளிக்கறோம்” என்று சொன்னால் போதும், குழந்தை அடுத்த நொடி கல் பொறுக்கப் போய்விடும்.

ஸ்டட்லண்டில் மணல் மேடுகளுக்குள் நுழையாதீர்கள். அவை பாதுகாக்கப்பட்ட புதர்நிலம். பிரிட்டனில் இயற்கையாக உள்ள ஊர்வன ஆறு வகையும் அங்கே வாழ்கின்றன, அதில் விரியன் ஒன்றும் உண்டு. கையோடு கொண்டுபோகும் கரி அடுப்பைப் பற்றவைத்துக் கோழி சுடுவதும் கூடாது, காய்ந்த புதர் சட்டெனத் தீப்பிடிக்கும்.

உடையில்லை என்பதால் எதுவும் செய்யலாம் என்று யாராவது நடந்துகொண்டால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். இங்கிலாந்தில் உடையில்லாமல் இருப்பது மட்டும் குற்றமல்ல. 2003-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 66-ஆம் பிரிவின்படி, பார்ப்பவர் பயப்பட வேண்டும், வேதனைப்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு பிறப்புறுப்பைக் காட்டுவதுதான் குற்றம். அப்படி ஒருவரைப் பார்த்தால் அவசரத்துக்கு 999, மற்றதற்கு 101. அங்கே ஒழுங்காக வெயில் காய்கிற கூட்டமே உங்களுக்கு முன்னால் புகார் செய்யும். அவர்களுடைய நற்பெயர் அதில்தான் இருக்கிறது.

அங்கே பார்த்ததை இங்கே வந்து செய்து பார்க்காதீர்கள். கோவாவில் செல்லும், அந்தமானில் செல்லும் என்று சொல்லிக்கொள்கிறார்கள். செல்லாது. 2020 நவம்பரில் நடிகர் மிலிந்த் சோமன் தன் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாளுக்கு கோவா கடற்கரையில் ஆடையின்றி ஓடும் படத்தை வெளியிட்டார், தெற்கு கோவா போலீஸ் அவர்மீது வழக்குப் போட்டது. அவரைப் போல வழக்கறிஞர் வைத்து வழக்கு நடத்த வசதியும் பெயரும் உள்ளவர்கள் நம்மில் எத்தனை பேர்? பொது இடத்தில் பிறருக்கு எரிச்சலூட்டும் ஆபாசச் செயலுக்கு இப்போது நியாய சன்ஹிதாவின் 296-ஆம் பிரிவில் மூன்று மாதம் வரை சிறை. ராமேசுவரம் போகிற வழியில் ஆளில்லாத கரை கிடைத்தாலும், துண்டைக் கட்டிக்கொண்டே குளியுங்கள்.