உச்சிப்பிள்ளையார் கோயிலிலிருந்து எடுத்த படமும் உன் கிராபிக்ஸ் கார்டும்

அன்புள்ள தங்கைக்கு,

உச்சிப்பிள்ளையார் கோயில் மேலே நின்று, காவிரிக்கு அந்தப் பக்கம் தெரியும் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை நீ எடுத்த படம் வந்து சேர்ந்தது. மார்கழி மூட்டத்துக்குள் கோபுரம் அழகாக நிற்கிறது. அந்த மூட்டத்தை டார்க்டேபிள் என்ற படத்திருத்த மென்பொருளில் சற்றே குறைக்கப் போனால் கம்ப்யூட்டர் திணறுகிறது, என்விடியா கார்டு இருந்தும் பயனில்லை, லினக்ஸை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். விடாதே. உன் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை வேலைக்கு இழுத்துவிடலாம்.

வேகம் வேண்டும் என்று நீ கேட்பதில் பேராசை எதுவும் இல்லை. மூட்டத்தை எவ்வளவு எடுப்பது என்பதைக் கண்தான் முடிவு செய்கிறது. ஸ்லைடரை நகர்த்தியதும் படம் மாறினால் முன்பிருந்ததும் இப்போதிருப்பதும் கண்ணில் சேர்ந்து நிற்கும். காத்திருக்க வைத்தால் முந்தையது மறந்துபோகும். மறந்த கண் எப்போதும் கூடுதலாகத்தான் இழுக்கும். கல்யாண ஆல்பங்களில் முகங்கள் மெழுகாகிப் போவதற்குக் காத்திருந்து சலித்த கையும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

படத்தைக் கையால் திருத்தும் இந்த வேலை உன் ஊரில் பழையது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் மெழுகுத்தாள் நெகட்டிவில் எடுத்தார். அந்த முறையில் வானம் வெறுமையாக வெளுத்துவிடும். அவர் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். ஒவ்வொரு தீற்றலையும் பார்த்துப் பார்த்து வைத்த அந்த நெருக்கம் உனக்கும் வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். லினக்ஸில் திரையில் படம் தெரிவதற்கு ஒரு வழி, கார்டு கணக்குப் போடுவதற்கு வேறு வழி. நூவோ என்ற திறந்த டிரைவர் திரையைக் காட்டிவிடும். அதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைத்துவிடுவோம். டார்க்டேபிள் தேடுவது கணக்குப் போடும் வழியான ஓப்பன்சிஎல்லை. அதற்கு என்விடியாவின் சொந்த டிரைவர் வேண்டும், அதோடு ஓப்பன்சிஎல் பேக்கேஜும் வேண்டும். டெபியனில் அது தனி பேக்கேஜ், டிரைவரோடு தானாக வரும் என்று இருந்துவிடாதே. ஏஎம்டி கார்டு என்றால் ஆர்ஓசிஎம் அல்லது மேசாவின் ரஸ்டிசிஎல், இன்டெலுக்கு அவர்களுடைய ரன்டைம்.

கீழிருந்து மேலாகக் கேட்டுக்கொண்டே போ. முதலில் டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை. அதுவே கார்டைக் காணோம் என்றால் டார்க்டேபிளைத் தொடாதே. பெரும்பாலும் செக்யூர் பூட்தான் காரணமாக இருக்கும். டிரைவர் போட்ட பிறகு ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத்திரை வந்து பாஸ்வேர்டு கேட்கும், அவசரத்தில் அதைத் தாண்டிப் போயிருந்தால் டிரைவர் ஏறாது. கார்டு தெரிந்தால் அடுத்து க்ளின்ஃபோ. அதில் பிளாட்ஃபார்ம் எண்ணிக்கை சுழியம் என்றால் ஓப்பன்சிஎல் பேக்கேஜ் விட்டுப்போயிருக்கிறது. மூன்றாவது டார்க்டேபிளோடு வரும் சிஎல்டெஸ்ட். டார்க்டேபிள் கார்டை ஏற்றுக்கொண்டதா, ஒதுக்கினால் ஏன் என்பதை அது வரிவரியாகச் சொல்லும். எங்கிருந்தோ எடுத்த கட்டளைகளை மொத்தமாக ஒட்டாதே. ஒன்று போட்டு, பதிலைப் படித்து, பிறகு அடுத்தது. டிரைவர் புதுப்பித்த பின் முதல் தடவை டார்க்டேபிள் மெதுவாகத் திறக்கும். கார்டுக்கு ஏற்றபடி நிரல்களைக் கம்பைல் செய்துகொள்கிறது, பொறுத்திரு.

அடுத்தது கார்டின் மெமரி. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். டார்க்டேபிள் ஒரு பிக்சலுக்கு 16 பைட் வைத்துக் கணக்கிடுகிறது. உன் 24 மெகாபிக்சல் படம் ஒரு பிரதிக்கே 384 எம்பி ஆகிவிடும். ஒரு மாட்யூலுக்கு உள்ளே போவது ஒன்று, வெளியே வருவது ஒன்று, இடையில் தற்காலிகமாக இன்னும் சில. 2 ஜிபி கார்டில் இடம் போதாமல் படத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் செய்யும். கார்டு ஓடும், ஆனால் நீ எதிர்பார்த்த வேகம் வராது. ஏகாதசி விடியலுக்கு முன் உத்திர வீதியில் ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த கூட்டப் படங்களில் டீநாய்ஸ் போடும்போது இது நன்றாகத் தெரியும். பழைய கார்டு வாங்குவதாக இருந்தால் மாடலின் பெயரை விட மெமரியைப் பார். 4 ஜிபிக்குக் குறைவாக வாங்காதே.

வேகம் கூடியதா என்பதை மனக்கணக்கில் விடாதே. ஒரே படத்தை ஓப்பன்சிஎல் போட்டும் எடுத்தும் எக்ஸ்போர்ட் செய்து, நேரத்தை அளந்து காட்டும் பெர்ஃப் ஆப்ஷனில் வரும் நேரங்களை ஒப்பிடு. எந்த மாட்யூல் நேரத்தைத் தின்கிறது என்பது அங்கேயே தெரியும். இரண்டு படங்களையும் பெரிதாக்கி நிறம் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடு.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கல்யாண ஆல்பம் கொடுக்க வேண்டிய வாரத்தில் கர்னலையோ டிரைவரையோ புதுப்பிக்காதே. தை முகூர்த்தங்கள் முடியட்டும். அதுவரை ஓப்பன்சிஎல்லை அணைத்துவிட்டு சிபியுவிலேயே ஓட்டு, படம் கெடாது.

சிஎல்டெஸ்ட் சொல்வதை ஸ்கிரீனை போனில் படம் பிடிக்காமல் எழுத்தாகவே அனுப்பு. கார்டின் மாடல், டிரைவர் எண், கோபுரப் படத்தில் நீ செய்த திருத்தங்கள் பதிந்த எக்ஸ்எம்பி ஃபைல், மூன்றும் சேர்ந்து வந்தால் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்