பழைய சுவெற்றரில் இருந்து பின்னல் நூல்

முகாமிலும் மீள்குடியேறிய கிராமத்திலும் பின்னல் வேலை தெரிந்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். நூல் வாங்கத்தான் கையிற் காசில்லை. வியாபாரி நூலைக் கடனுக்குத் தந்து, பின்னிய பொருளைத் தானே விலை வைத்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில் இறங்கினால் ஆண்டு முழுவதும் பின்னினாலும் கடன் தீராது. விதைநெல்லைக் கடனாக வாங்கி, விளைந்ததைக் களத்திலேயே அளந்து கொடுத்த விவசாயிகளுக்கு இந்தக் கணக்கை நாம் விளக்கத் தேவையில்லை. ஆகவே முதல் நூலைக் கடன்படாமல் பெறும் வழி ஒன்றை இப்பாடத்திற் பார்ப்போம்.

நிவாரணப் பொதிகளிலும், சந்தையில் விற்கும் பழைய உடுப்புக்களிலும் சுவெற்றர்கள் வருவதுண்டு. வன்னி வெயிலில் அவற்றை யார் போடுவது? ஆனால் பெரியவர் ஒருவரின் சுவெற்றரில் 300 முதல் 500 கிராம் வரை நூல் இருக்கும். பிறந்த குழந்தையின் தொப்பிக்கு 40 கிராமே போதும். 1941 யூன் 1ஆம் திகதி பிரித்தானியாவில் உடுப்புப் பங்கீடு தொடங்கி, கம்பளி நூலும் அதற்குள் அடங்கியபோது, அங்குள்ள பெண்களும் பழைய சுவெற்றரைப் பிரித்தே புதியதைப் பின்னினார்கள்.

எல்லாச் சுவெற்றரும் உதவா. உட்புறத்தைத் திருப்பிப் பக்கத் தையலை அவதானியுங்கள். இரு விளிம்புகளும் வெட்டுப்படாமல், பின்னல் முடிந்த ஓரமாகவே இருந்து, ஒற்றை நூலால் இணைக்கப்பட்டிருந்தால் நல்லது. விளிம்பை வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வரிசையும் தனித்தனித் துண்டாகவே கையில் வரும். சுடுநீரிற் தோய்த்து இறுகிப்போன கம்பளியும் பிரியாது.

நூலின் இனத்தை அறியச் சிறு துண்டொன்றைக் குறட்டாற் பிடித்து நெருப்புக் காட்டலாம். (கிடுகுக் கொட்டிலுக்குள் வேண்டாம், வெளியே பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.) தலைமயிர் கருகும் மணம் வந்து, சாம்பல் விரலில் நொருங்கினால் அது ஆட்டுக் கம்பளி. உருகிக் கட்டியானால் அக்ரிலிக் போன்ற செயற்கை நூல். கடதாசி எரியும் மணமென்றால் பருத்தி.

இணைப்பு நூலை மட்டும் பிளேட்டால் அறுத்து முன், பின், கை என வேறாக்குங்கள். பின்னத் தொடங்கிய அடிப்பக்கத்தில் இருந்து பிரிக்க முயன்றாற் சிக்கும். தோள் அல்லது கழுத்துப் பக்கத்தில் இருந்து இழுக்க வேண்டும். வரும் நூலைக் கதிரையின் முதுகிற் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டிக் கழற்றுங்கள். இளஞ்சூட்டு நீரிற் சவர்க்காரம் கரைத்து அரை மணி நேரம் ஊறவிட்டு, தேய்க்காமற் பிழிந்து, நிழலிற் தொங்கவிடுங்கள். அடியில் சிறு பாரம் கட்டினால் சுருள் நிமிரும். அக்ரிலிக் முழுதாக நிமிராது. அதனாற் குறையில்லை, ஸ்திரிக்கைப் பெட்டியை மட்டும் அதன்மேல் வைக்காதீர்கள்.

ஊசிக்கும் காசு செலவழிக்க வேண்டியதில்லை. சைக்கிள் சில்லுக் கம்பி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் தடிப்பு, மெல்லிய நூலுக்கு ஏற்றது. தடித்த நூலுக்கு மூங்கிலை 4 மில்லிமீற்றருக்குச் சீவி, அரத்தாளால் உரஞ்சி, மெழுகுதிரி பூசினால் நூல் வழுக்கிச் செல்லும். சுவெற்றர் நூல் மெல்லியதானால் இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துப் பின்னலாம்.

தொப்பியைத் தொடங்குமுன் ஒரு சிறு சதுரம் பின்னி அளந்து பாருங்கள். சோம்பலில் இதைத் தவிர்ப்பவர்களே பிறகு முழுத் தொப்பியையும் பிரிக்கிறார்கள். 10 சென்ரிமீற்றரில் 20 கண்ணிகள் வந்தால், பிறந்த குழந்தையின் ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் தலைக்கு 64 கண்ணிகள் போதும். பின்னல் இழுபடும் என்பதாற் சற்றுக் குறைத்தே கணக்கிடுகிறோம். 13 சென்ரிமீற்றர் உயரம்வரை பின்னி, இவ்விரண்டு கண்ணியாக ஒன்றாக்கி 32 ஆக்குங்கள். அடுத்த வரிசையில் 16 ஆக்கி, அவற்றை நூலாற் கோத்து இறுக்கி, பின்பக்கத்தைத் தையுங்கள்.

இதற்குச் சந்தை எங்கே? மார்கழி, தை மாதப் பனியில் எமது பகுதித் தாய்மாரும் கேட்பார்கள். ஆனால் நிலத்தில் உறைபனியே படியும் நுவரெலியாப் பக்கத்திற்குத்தான் கூடுதலாக விலைப்படும். ஒருவர் தனியாக இரண்டு தொப்பிகளோடு பஸ் ஏறினால் கட்டணத்திற்கே காணாது. பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு பொதியாக அனுப்புவதே புத்தி. சுவெற்றரின் விலை, சவர்க்காரம், பஸ் கட்டணம், பின்னிய மணித்தியாலம் நான்கையும் கொப்பியில் எழுதிவிட்டு விலை சொல்லுங்கள். நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

தொப்பியில் நாடாவோ பொத்தானோ வைக்க வேண்டாம். நாடா கழுத்திற் சுற்றும், பொத்தான் வாய்க்குள் போகும். பகல் வெக்கையில் குழந்தைக்குத் தொப்பி போடக்கூடாது என்பதையும் வாங்குபவருக்குச் சொல்லியே கொடுங்கள்.