ஒட்டுப்பெயரும் பாரதியார் சரித்திரமும்

ஒரு கவியின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், அவருடைய பெயரோடு 'மகாகவி' என்றும் 'இன்னாருடைய குமாரர்' என்றும் வேறொரு பெயரை ஒட்டி எழுதுவது வழக்கம். இலக்கண நூலார் இருபெயரொட்டு என வழங்கும் இவ்வமைப்பைக் குறித்துப் பிழைபட்ட நம்பிக்கைகள் சில மாணவர்களிடையே வேரூன்றியிருக்கின்றன.

நம்பிக்கை: இஃது ஆங்கிலத்திலிருந்து வந்த முறை, பெயருக்குப் பின்னே காற்புள்ளிகளுக்கு நடுவே வைத்தல் வேண்டும்.

உண்மை: ஒரு பொருளுக்கு இரு பெயர் வந்து நிற்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலிலே பண்புத்தொகையின்பாற் சேர்த்திருக்கிறார். அவருக்கும் பல நூற்றாண்டுகள் முற்பட்ட தொல்காப்பியரோ, சிறப்புப்பெயரும் இயற்பெயரும் கூடி வருமிடத்து இயற்பெயரை முற்படக் கூறலாகாது என்று வரிசையையே வகுத்துவிட்டார். ஆதலால், 'சுப்பிரமணிய பாரதி, மகாகவி, எட்டயபுரத்திற் பிறந்தார்' என்பது தமிழ் நடையன்று. 'மகாகவி சுப்பிரமணிய பாரதி' என்றோ, தொடர் நீளுமாயின் 'சின்னசாமி ஐயரின் குமாரராகிய சுப்பிரமணிய பாரதி' என்றோ எழுதினால், அங்கே காற்புள்ளிக்கு அவசியமே நேராது.

நம்பிக்கை: ஒட்டுப்பெயர் வெறும் அலங்காரம், நீக்கினாலும் பொருள் கெடாது.

உண்மை: பாரதியாருக்குத் தங்கம்மாள், சகுந்தலா என்று புத்திரிகள் இருவர். 'பாரதியாரின் புத்திரி தம் தந்தையைப் பற்றி எழுதினார்' என்றால் இருவருள் யார் என்னும் சந்தேகம் எழும். 'இளைய புத்திரியாகிய சகுந்தலா' என்றால் தீரும்.

நம்பிக்கை: வாக்கியத்தின் முடிபு மெய்யாயிருந்தாற் போதும், இடையே ஒட்டிவரும் தொடரை எவரும் ஆராய்வதில்லை.

உண்மை: எவரும் ஆராய்வதில்லை என்பதனாலேயே அபாயம் மிகுகிறது. 'யானையால் மாண்டவராகிய பாரதியார் 1882-ஆம் வருஷம் டிசம்பர் 11-ஆம் தேதி பிறந்தார்' என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிப்பவர் பிறந்த தேதியைச் சரிபார்த்து, அது பொருந்தக் கண்டு, வாக்கியம் முழுவதையும் ஏற்றுக்கொள்கிறார். முன்னே நின்ற பொய்யும் அதனுடன் சேர்ந்து அவர் நெஞ்சிலே புகுந்துவிடுகிறது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி சுவாமி கோயில் யானை கவியைத் தள்ளியதும், அவருடைய அன்பராகிய குவளைக்கண்ணன் பாய்ந்து அவரை மீட்டதும் மெய்யே. ஆனால் அந்தக் காயம் ஆறியது. அவர் மீண்டும் சுதேசமித்திரன் பத்திரிகையின் காரியாலயத்துக்குச் சென்று வேலை பார்த்தார். ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வரை பிரயாணம் செய்து, மனிதனுக்கு மரணமில்லை என்னும் விஷயத்தைப் பற்றிப் பிரசங்கமும் செய்தார். 1921 செப்டம்பரில், முப்பத்தெட்டே வயதில், அவர் உயிரைக் கவர்ந்தது வயிற்று நோய். அவருடைய கடைசி நாட்களின் உழைப்பையெல்லாம் அந்த ஒரே தொடர் மறைத்துவிடுகிறது என்பதை எண்ணும்போது உள்ளம் பதைக்கிறது.

சரித்திரம் எழுதும் அன்பர்கள், பயனிலைக்குச் சான்று தேடுவதுபோலவே, 'ஆகிய' என்பதற்கு முன் நிற்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் சான்று தேடிய பிறகே அச்சுக்குக் கொடுக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.